தொட்டிலில் மணி அடிக்கிறது

திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரம். நாகர்கோவிலில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம். தமிழ் பேசுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். சாலைக் கடைவீதியில் நடந்தால் பாதிப் பேச்சு தமிழில்தான் காதில் விழும். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் தைக்காடு என்று ஓர் இடம். அங்கே ஒரு கட்டடத்தின் வாசலில் ஒரு தொட்டில் இருக்கிறது.

நம் வீட்டுத் தொட்டிலில் குழந்தையைப் போட்டால் தாய் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுவாள். தைக்காட்டுத் தொட்டிலில் குழந்தையைப் போட்டவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். அதற்கு அம்மத்தொட்டில் என்று பெயர். வளர்க்க முடியாத குழந்தையைக் குப்பைமேட்டிலும் புதரிலும் போடாதீர்கள், இங்கே கொண்டு வந்து போடுங்கள் என்பதற்காக வைத்த தொட்டில் அது. 2002-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அது தொடங்கியது. இதுவரை பல நூறு குழந்தைகள் அதில் வந்திருக்கிறார்கள். பிறகு கேரளத்தின் மற்ற மாவட்டங்களிலும் இப்படித் தொட்டில்கள் வைத்தார்கள்.

தொட்டிலை வைத்திருப்பது கேரள மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சில். மலையாளத்தில் சிசு க்ஷேம சமிதி என்பார்கள். இது 1960-இல் தொடங்கிய அமைப்பு. அரசின் துணை உண்டு, முதலமைச்சரே தலைவர். ஆனாலும் இது அரசு அலுவலகம் அல்ல. ஒரு சங்கம். லாபம் பார்க்காத சங்கம். அரசு கொடுக்கும் பணம், மக்கள் கொடுக்கும் நன்கொடை இரண்டிலும் நடக்கிறது. வீட்டில் பிறந்தநாள் வந்தால், பெரியவர்களின் நினைவுநாள் வந்தால், அன்றைய சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் குழந்தைகள் தினத்துக்கு ஒரு ஸ்டாம்பு வெளியிடுவார்கள். தபாலில் ஒட்டுகிற தபால்தலை அல்ல. பள்ளிப் பிள்ளைகள் வாங்குகிற நன்கொடைத் தலை. அதற்குப் படம் வரைவதும் பள்ளிப் பிள்ளைதான். பிள்ளைகள் கொடுக்கும் சில்லறையில் பிள்ளைகளுக்குப் பால் வருகிறது.

மணி அடித்த பிறகு

தொட்டில் ஒரு சிறிய அறைக்குள் இருக்கிறது. குழந்தையைப் படுக்க வைத்ததும் அதன் எடையைத் தொட்டில் உணர்ந்துகொள்கிறது. உள்ளே மணி அடிக்கிறது. கொண்டு வந்தவர் யார், எங்கிருந்து வந்தார் என்று யாரும் துரத்திப் போய்க் கேட்பதில்லை. அவருக்கு விலகிப் போக நேரம் கிடைக்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஓடி வந்து குழந்தையை எடுக்கிறார்கள்.

அந்த மணி பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் அடிக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. மணி எப்போது அடித்தாலும் எழுந்து ஓட ஆள் வேண்டும். அதனால் அங்கே இரவு பகல் என்று இல்லாமல் முறை வைத்து வேலை நடக்கிறது. செவிலியர் இருப்பார். ஆயாக்கள் இருப்பார்கள்.

குழந்தையை எடுத்தவுடன் என்ன செய்வார்கள்? முதலில் சூடு பார்ப்பார்கள். பிறந்து ஓரிரு நாள் ஆன குழந்தையின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் சக்தி அதற்குப் போதாது. துணியில் சுற்றி, தலையை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். தொப்புள்கொடியைப் பார்ப்பார்கள். வீட்டில் பிறந்த குழந்தை என்றால் கொடியைச் சுத்தமாக வெட்டியிருக்க மாட்டார்கள். அதன் வழியாகக் கிருமி ஏறும். எடை பார்ப்பார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. கூடுதல் கவனம் வேண்டும்.

பிறகு ஆஸ்பத்திரி. தைக்காட்டிலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஓர் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. நோய் கடுமையாக இருந்தால் மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி. அந்த மூன்று எழுத்தும் ஸ்ரீ அவிட்டம் திருநாள் என்ற பெயரின் சுருக்கம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் சிறுவயதிலேயே இறந்துபோன ஒரு பிள்ளையின் பெயர் அது.

இதற்குள் எழுத்து வேலையும் தொடங்கிவிடும். எந்த நாள், எத்தனை மணி, ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, உடம்பில் என்ன அடையாளம், என்ன துணி சுற்றியிருந்தது என்று எல்லாம் எழுத வேண்டும். குழந்தைக்கு ஒரு பெயரும் வைப்பார்கள். பெற்றவர் வைக்காத பெயரைச் சங்கம் வைக்கிறது. துணியைப் பற்றிக்கூட ஏன் எழுதுகிறார்கள் என்று கேட்கலாம். நாளைக்கு ஒருத்தி வந்து, "அது என் குழந்தை" என்று சொன்னால், அன்று எழுதி வைத்த அந்த ஒரு வரி உதவும்.

இரவு வேலை

இந்த வீட்டின் உண்மையான வேலை ஆயாக்களுடையது. தலைவர், செயலாளர் என்று பலர் இருப்பார்கள். பத்திரிகையில் அவர்கள் படம் வரும். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் எழுந்து போகிறவர் ஆயாதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் ஒரு தடவை பால் வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது ஆகும். பத்துக் குழந்தைகள் இருந்தால் எண்பது தடவை. ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தையும் கரண்டியையும் அல்லது புட்டியையும் கொதிக்க வைக்க வேண்டும். கொதிக்க வைத்த தண்ணீரில் அளவு பார்த்துப் பால்பொடி கலக்க வேண்டும். பொடி குறைந்தால் குழந்தை மெலியும். கூடினால் வயிறு கெடும். கொடுத்த பிறகு தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைக்க வேண்டும். எண்பது தடவை ஏப்பம். அது போக ஈரத்துணி மாற்றுவது, துவைப்பது, குளிப்பாட்டுவது, தடுப்பூசி நாளை நினைவு வைப்பது எல்லாம் இருக்கிறது. பால் குடிக்கும் குழந்தைகள் மட்டும் அங்கே இல்லை. நடக்கிற பிள்ளை, ஓடுகிற பிள்ளை, பள்ளிக்குப் போகிற பிள்ளை எல்லாம் உண்டு.

வீட்டில் ஒரு குழந்தையை வளர்த்த தாய்க்கு இதன் பளு சொல்லாமலே தெரியும். நம் ஊரில் இதை வேலை என்று யாரும் சொல்வதில்லை. "பிள்ளை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாள்" என்பார்கள். அந்தப் பேச்சே ஆயாவின் சம்பளத்திலும் தெரிகிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். இந்தச் சங்கம் வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்காகப் பகல் காப்பகங்களும் நடத்தி வந்திருக்கிறது. கிரெச் என்று சொல்வார்கள். கூலி வேலைக்குப் போகிறவள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போய் மாலையில் கூட்டிப் போகலாம். இப்படிக் காப்பகங்களுக்கு மத்திய அரசின் திட்டம் ஒன்று இருந்தது. 2017-இல் அந்தத் திட்டத்தின்படி காப்பகப் பணியாளருக்கு மாதம் 3000 ரூபாய். உதவியாளருக்கு 1500 ரூபாய். அதைச் சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள். மதிப்பூதியம் என்பார்கள். மாதத்தில் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் காப்பகம் திறந்திருக்க வேண்டும். 3000 ரூபாயை 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 115 ரூபாய் வரும். உதவியாளருக்கு 60 ரூபாய்கூட வராது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால் ஊரில் பல பெண்கள் கூலிக்குப் போக முடிந்தது. பார்த்துக்கொண்டவளுக்கு அந்தக் கூலியில் பாதிகூடக் கிடைக்கவில்லை. 2022-இல் திட்டத்தை மாற்றிப் பால்னா என்று பெயர் வைத்தார்கள். இந்தியில் பால்னா என்றால் தொட்டில்.

ஒரு ஆயா பேசினார்

தைக்காட்டு வீட்டைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது சரியாகாது. 2024 டிசம்பரில் அங்கே ஒரு கொடுமை நடந்தது. இரண்டரை வயதுப் பெண்குழந்தை ஒன்று படுக்கையில் சிறுநீர் கழித்தது. அதற்காக அந்தக் குழந்தையின் உடம்பில் காயம் படும்படி செய்தார்கள் என்று மூன்று ஆயாக்களைப் போலீஸ் கைது செய்தது. கேரளம் முழுவதும் கொதித்துப் போனது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி இரண்டு உண்டு.

ஒன்று, படுக்கையில் நனைப்பது. இரண்டரை வயதில் அது குற்றமும் அல்ல, நோயும் அல்ல. தூக்கத்தில் சிறுநீரை அடக்கும் பழக்கம் உடம்புக்கு மெல்ல மெல்லத்தான் வரும். ஐந்து வயது வரைக்கும் டாக்டர்கள் அதை ஒரு குறையாகவே கணக்கில் எடுப்பதில்லை. அடித்தாலும் திட்டினாலும் அது நிற்காது. பயந்த குழந்தை இன்னும் கூடுதலாக நனைக்கும். சூடு வைத்தால் நின்றுவிடும் என்று சொல்கிற பாட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இரண்டாவது, இந்தக் கொடுமை எப்படி வெளியே தெரிந்தது? குழந்தையைக் குளிப்பாட்டிய வேறொரு ஆயா காயத்தைப் பார்த்தார். அவர் போய்ச் சொன்னார். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அப்படித்தான் தெரிந்தது. கூட வேலை செய்பவரைக் காட்டிக்கொடுப்பதா என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் குழந்தைக்காகப் பேச வேறு ஆள் கிடையாது. அந்த வயதுப் பிள்ளைக்கு நடந்ததைக் கோர்வையாகச் சொல்லத் தெரியாது. சொன்னாலும் கேட்க அதற்கு அம்மா இல்லை.

மூன்று பேர் செய்த தவறுக்கு எல்லா ஆயாக்களையும் ஏசினார்கள். அது நியாயம் அல்ல. ஆனால் கேமராவும் பதிவேடும் மேற்பார்வையும் வேண்டும் என்று கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அன்பு மட்டும் காவலாகாது. களைத்துப் போன உடம்பில் அன்பும் குறையும். ஒரு ஆயாவிடம் எத்தனை குழந்தைகள், எத்தனை மணி நேர வேலை என்ற கேள்வி குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியும்தான்.

அறுபது நாள்

தொட்டிலில் வந்த குழந்தையைச் சங்கம் தன் விருப்பப்படி யாருக்கும் கொடுத்துவிட முடியாது. சிறார் நீதிச் சட்டம் 2015 என்று ஒரு சட்டம் இருக்கிறது. குழந்தை கிடைத்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டு போக வேண்டும். இந்தக் குழு மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின்படி குழந்தை விஷயத்தில் முடிவெடுப்பது அந்தக் குழு.

அடுத்து, பெற்றவரைத் தேட வேண்டும். "இந்தக் குழந்தைக்கு உரிமை உள்ளவர்கள் வந்து சொல்லுங்கள்" என்று பத்திரிகையில் அறிவிப்பு வரும். இரண்டு வயது வரையுள்ள குழந்தை என்றால் இரண்டு மாதத்துக்குள் இந்த விசாரணையை முடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய பிள்ளை என்றால் நான்கு மாதம். யாரும் வரவில்லை என்றால்தான், தத்துக் கொடுக்கலாம் என்று குழு எழுதிக் கொடுக்கும்.

தாய் நேராகவே குழுவிடம் வந்து, "என்னால் வளர்க்க முடியாது" என்று ஒப்படைக்கவும் வழி உண்டு. அப்போதும் கையெழுத்துப் போட்டவுடன் முடிந்துவிடாது. மனம் மாறினால் திரும்பி வருவதற்கு இரண்டு மாதம் கொடுப்பார்கள். பிரசவித்த உடம்பும் மனமும் அந்த நேரத்தில் ஒரு நிலையில் இருக்காது. வீட்டார் மிரட்டியிருக்கலாம். பசி இருந்திருக்கலாம். அவமானத்துக்குப் பயந்திருக்கலாம். அறுபது நாளில் இவற்றில் ஏதாவது ஒன்று மாறலாம்.

"குழந்தையை விட்டுப் போனால் போலீஸ் பிடிக்காதா?" என்ற பயம் பலருக்கு உண்டு. இந்தப் பயத்தால்தான் சிலர் குழந்தையை ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் போடுகிறார்கள். கைவிட்ட குழந்தை, ஒப்படைத்த குழந்தை பற்றிய விசாரணையில் பெற்ற தாய் தகப்பன் மீது முதல் தகவல் அறிக்கை போடக் கூடாது என்று இந்தச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்கிறது. தாய்மார்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய பிரிவு இது.

இந்த அறுபது நாளும் அறிவிப்பும் விசாரணையும் வெறும் காகித வேலை என்று நினைக்கிறவர்கள், திருவனந்தபுரத்தில் 2021-இல் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஓர் இளம்பெண்ணுக்கு 2020 அக்டோபரில் ஆண்குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளிலேயே குழந்தை அவளிடமிருந்து போய்விட்டது. தன் சம்மதம் இல்லாமல் பெற்றோர் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று அவள் புகார் சொன்னாள். சம்மதத்தோடுதான் கொடுத்தோம் என்றார்கள் பெற்றோர். குழந்தை தைக்காட்டுக்கு வந்து, அங்கிருந்து 2021 ஆகஸ்டில் ஆந்திரத்தில் உள்ள ஒரு தம்பதியிடம் வளர்ப்புக்குப் போய்விட்டது. தாய் சங்கத்தின் அலுவலக வாசலில் நாள் கணக்கில் உட்கார்ந்து போராடினாள். குழந்தையைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். மரபணுச் சோதனை செய்தார்கள். அவள்தான் தாய் என்று தெரிந்தது. நவம்பர் 24-ஆம் தேதி நீதிமன்றம் குழந்தையை அவள் கையில் கொடுக்கச் சொன்னது.

அந்த ஆந்திரத் தம்பதியை நினைத்துப் பாருங்கள். அவர்கள் முறைப்படி மனுப் போட்டுக் காத்திருந்து வாங்கியவர்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மூன்று மாதம் மடியில் வைத்திருந்த பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓர் இடத்தில் ஒரு படி சரியாக ஏறாமல் போனால் எத்தனை வீட்டில் அழுகை!

புது வீடு

தத்துக் கொடுப்பதை இந்தியா முழுவதும் ஒரே அமைப்பு கண்காணிக்கிறது. காரா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிள்ளை வேண்டும் என்பவர்கள் கம்ப்யூட்டர் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். வருமானம், உடல்நலம், வயது எல்லாம் கேட்பார்கள். கணவன் மனைவி என்றால் இரண்டு பேருக்கும் சம்மதம் வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்ணும் தத்து எடுக்கலாம். தனியாக இருக்கும் ஆணுக்குப் பெண்குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள். காத்திருப்பவர்கள் வரிசை நீளம். சின்னக் குழந்தைக்கு வருடக் கணக்கில் காத்திருக்கிறார்கள்.

முன்பு கடைசி உத்தரவை நீதிமன்றம் கொடுத்தது. 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டர் கொடுக்கிறார். அதன் பிறகும் இரண்டு வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள்.

குழந்தை புது வீட்டுக்குப் போகும் நாளில் ஆயாக்களுக்குச் சந்தோஷமும் உண்டு, மனக்கஷ்டமும் உண்டு. இத்தனை நாள் பால் கொடுத்த கை. இருந்தாலும் போகத்தான் வேண்டும். காரணம் இருக்கிறது. ருமேனியா என்ற நாட்டில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பெரிய விடுதிகளில் வைத்து வளர்த்தார்கள். சோறு இருந்தது, படுக்கை இருந்தது. பேசிக் கொஞ்ச ஆள் இல்லை. 2000-ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளர்கள் அங்கே 136 குழந்தைகளைக் கவனித்தார்கள். சிலரை வீடுகளில் வளர்க்க ஏற்பாடு செய்தார்கள். விடுதியில் இருந்த பிள்ளைகளைவிட வீட்டுக்குப் போன பிள்ளைகளின் அறிவும் மனமும் நன்றாக வளர்ந்தன. இரண்டு வயதுக்குள் போனவர்கள் மேலும் நன்றாக இருந்தார்கள். குழந்தைக்கு "இது என் ஆள்" என்று ஒரு முகம் வேண்டும். அந்த முகம் முறை வைத்து மாறிக்கொண்டே இருக்கக் கூடாது.

உடலில் குறை உள்ள பிள்ளைகள், வயது கூடிய பிள்ளைகள் பாடுதான் கஷ்டம். அவர்களைக் கேட்டு வருபவர்கள் குறைவு. சேர்ந்து வந்த அண்ணன் தங்கையை ஒன்றாக எடுக்கவும் ஆள் குறைவு. சிலருக்கு அந்த வீடே வீடு. அங்கிருந்தே பள்ளிக்குப் போகிறார்கள்.

தொட்டில் நமக்குப் புதிதா?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிது அல்ல. கேரளத்தில் தொட்டில் வருவதற்குப் பத்து வருடம் முன்பே, 1992-இல், சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கினார். பெண்குழந்தை பிறந்தால் கள்ளிப்பாலும் நெல்மணியும் கொடுத்துக் கொல்கிற கொடுமை சில மாவட்டங்களில் அப்போது இருந்தது. "கொல்லாதே, அரசிடம் கொடு" என்று ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் தொட்டில் வைத்தார்கள். பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் அது போனது.

உலகத்திலும் இது பழைய பழக்கம். எண்ணூறு வருடத்துக்கு முன்பே இத்தாலி நாட்டில் மடங்களின் சுவரில் மரத்தில் செய்த சுழலும் பெட்டி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் அது உள்ளே போய்விடும். கூடவே ஒரு மணியை அடிப்பார்கள். அன்றும் மணிதான். ஜெர்மனியில் ஹம்பர்க் நகரில் 2000-இல் இப்படி ஒன்று திறந்தார்கள். பாகிஸ்தானில் அப்துல் சத்தார் எதியும் அவர் மனைவி பில்கீஸும் தங்கள் நிலையங்களின் வாசலில் தொட்டில் வைத்தார்கள். எதி 2016-இல் இறந்தார், பில்கீஸ் 2022-இல் இறந்தார். அவர்கள் தொடங்கிய அமைப்பு நடக்கிறது.

தொட்டில் வைப்பது தவறு என்று சொல்பவர்களும் உண்டு. தொட்டில் இருப்பதால்தான் குழந்தையை விட்டுப் போகிறார்கள் என்பது அவர்கள் பேச்சு. தன்னைப் பெற்றவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை குழந்தைக்கு இல்லாமல் போகிறது என்பது இன்னொரு பேச்சு. ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமைக் குழு 2012-இல் இதைச் சொன்னது. இரண்டாவது பேச்சில் உண்மை இருக்கிறது. வளர்ந்த பிறகு, "என் அம்மா யார்?" என்று கேட்கும் பிள்ளைக்குத் தொட்டிலிடம் பதில் இல்லை. முதல் பேச்சு அவ்வளவு சரியாகப் படவில்லை. பெற்ற பிள்ளையை விடுவதற்குத் தொட்டில் ஒரு காரணம் ஆகாது. ஏமாற்றிவிட்டுப் போன ஆண், "மானம் போச்சு" என்று கத்தும் வீடு, வேலை இல்லாத நிலை இவைதான் காரணம். அவளோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்தால் தொட்டில் வரை வர வேண்டியதே இல்லை. கேரளத்தில் அதற்கும் ஆட்கள் வேண்டும். நம் ஊரிலும் வேண்டும்.

கையில் கொடுக்கலாமா?

"எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்குப் பிள்ளை இல்லை. அவரிடம் கொடுத்துவிடு. ஆஸ்பத்திரிச் செலவும் பார்த்துக்கொள்வார்." இப்படிக் காதில் சொல்கிறவர்கள் பல ஊர்களில் உண்டு. நல்ல எண்ணத்தில் சொல்கிறவர்களும் உண்டு, தரகு வாங்குகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து. பணம் கை மாறினால் அது குழந்தை விற்பனை. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஐந்து வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பணம் வாங்காமல் ரகசியமாகக் கொடுத்தாலும் குழந்தைக்குச் சட்டப்படி பாதுகாப்பு இல்லை. எந்த வீட்டில் இருக்கிறது, அடிக்கிறார்களா, படிக்க வைக்கிறார்களா என்று கேட்க யாரும் வர மாட்டார்கள். தாய் மனம் மாறித் திரும்பிப் போனாலும் எங்கே போய்க் கேட்பாள்? அறுபது நாள் அவளுக்குக் கிடைக்காது.

குழந்தையை வளர்க்க முடியாத நிலையில் ஒரு பெண் இருப்பது தெரிந்தால், அல்லது ஒரு குழந்தை தெருவில் கிடப்பதைப் பார்த்தால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கு வரிசையில் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது. இரவிலும் எடுப்பார்கள். இந்தியாவில் எந்த ஊரிலிருந்தும் கூப்பிடலாம். கூப்பிடுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குழந்தை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும். தெருப் பெயர், பக்கத்துக் கடை, பஸ் நிறுத்தம் எதுவானாலும் போதும். ஆள் வரும் வரை குழந்தையைத் தரையில் விடாமல் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன், பசும்பால் எதுவும் கொடுக்க வேண்டாம்.